மோட்டாருக்கு வந்த ஓடிபி

சின்னப்பொண்ணுவுக்குத் தினமும் தவறாமல் போன் செய்வது அவள் மகளும் இல்லை, புருஷனும் இல்லை. அவளுடைய மோட்டார்தான்.

வயலில் த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் மோட்டார் கொட்டகையிலிருந்து அழைப்பு வரும். எடுத்தால் ஒரு பெண்குரல், "மின்சாரம் வந்துவிட்டது. இயக்க எண் ஒன்றை அழுத்தவும், நிறுத்த எண் இரண்டை அழுத்தவும்" என்று பாடம் சொல்லும். சின்னப்பொண்ணு "சரிம்மா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் ஒன்றை அழுத்துவாள். அது பதிவு செய்த குரல் என்பது அவளுக்கும் தெரியும். அவ்வளவு வெகுளி இல்லை. ஆனாலும் ஒருத்தி மெனக்கெட்டுச் சொல்லும்போது வாயைத் திறக்காமல் இருப்பது என்ன மரியாதை என்பது அவள் கட்சி. வாலாஜாபாத்தில் அக்கா மகன் கல்யாணத்தன்று, சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் மோட்டார் கூப்பிட்டது. அட்சதை போட்டது ஒரு கை, மோட்டார் போட்டது இன்னொரு கை. மண்டபத்தில் உட்கார்ந்தபடியே தன் ஊரான வல்லம் வடகாலில் தண்ணீர் பாய்ச்சியவள் என்று உறவுக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. மோட்டாரின் ஸ்டார்ட்டரோடு சேர்த்து மாட்டிய ஒரு குட்டிப் பெட்டி. அதற்குள் ஒரு சிம் கார்டு. அந்த நம்பருக்கு யார் அடித்தாலும் பெட்டி எடுத்துப் பேசும், சொன்னதைக் கேட்கும். இந்தப் பக்கத்து விவசாயிகள் பலரிடம் இருக்கிற சாமான்தான். ஆனால் அதை மாட்டிய நாளில் சின்னப்பொண்ணு அடைந்த குதூகலம் பிள்ளை பெற்ற நாளில்கூட அடையவில்லை என்று கண்ணப்பன் சொல்வார். அவர் அவள் புருஷன். ஒரகடத்தில் ஒரு கிடங்கில் செக்யூரிட்டி.

சுற்றியிருந்த நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு அவர்களுக்கு மிஞ்சியது ஒரு காணி. ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற ரோடு, நடுவில் நெல்லும் கொஞ்சம் வெண்டையும். அதை நினைத்து மூக்கைச் சிந்துகிற ஆள் அவள் இல்லை. சுவர் வந்ததால் மாடு புகுவது நின்றது. சுவரை ஒட்டி செல்போன் டவர் வந்தது. மகள் சுபஸ்ரீக்கு செல்போன் செய்கிற ஃபேக்டரியில் வேலை வந்தது. இன்னும் என்னென்ன வருமோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்.

எந்திரம் என்றால் அவளுக்குப் பித்து. சின்ன வயதில் அப்பாவின் டைம்பீஸைக் கழற்றி முதுகில் வாங்கியதோடு அது ஆரம்பித்தது. கல்யாணமான பிறகு மிக்ஸியைப் பிரித்துப் பூட்டினாள், ஒரு வாஷர் மிஞ்சியது. அது இல்லாமலேயே மிக்ஸி இன்றுவரை அரைக்கிறது. டிவியைப் பிரித்த கதையைக் கண்ணப்பன் முன்னால் எடுக்கக் கூடாது. அந்த டிவி திரும்ப எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு வீட்டிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை அவர் தன் செக்யூரிட்டி கேபினுக்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அவளுடைய விஞ்ஞானம் மொத்தமும் ஒரே வரிதான்: எது நின்றாலும் எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அடைப்பை எடுத்தால் ஓடும். வாய்க்காலுக்கும் இதுதான், மிக்ஸிக்கும் இதுதான், பக்கத்து வீட்டுக் கோமதியம்மாளின் முழங்கால் வலிக்கும் இதுதான்.

மகளின் விஞ்ஞானமும் ஒரு வரிக்கு மேல் போகாது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. டிவிக்கும் அதுதான், போனுக்கும் அதுதான். சுபஸ்ரீ மூன்று வருடமாக லைனில் நிற்கிறாள். பெல்ட்டில் வருகிற ஒவ்வொரு போனிலும் கேமராவுக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூ போடுவது அவள் வேலை. அவளுக்கு முன்னால் நிற்பவள் என்ன வைத்தாள், பின்னால் நிற்பவள் எதை மூடுவாள் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள்.

"போன்ல பேசுனா கொரலு எப்டிடி போவுது?" என்று சின்னப்பொண்ணு அவளைக் கேட்காத நாள் குறைவு.

"டவர் மூலமா போவுதும்மா."

"டவர்ல எப்டி ஏறுது?"

"சிக்னல்ல."

"சிக்னல்னா இன்னா?"

"யம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

இத்தனை போன் செய்து ஊர் ஊராக அனுப்புகிற இடத்தில், போன் எப்படிப் பேசுகிறது என்று சொல்ல ஒரு ஆள் இல்லையே என்பது சின்னப்பொண்ணுவின் தீராத ஆதங்கம். மகளுக்கோ ஆதங்கம் எதுவும் கிடையாது. போன் போட்டால் மோட்டார் ஓடுகிறதா, ஓடட்டும். மோட்டாருக்கென்று ஒரு நம்பர் வேண்டும், நம்பருக்கு ஒரு சிம் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஏதோ ஆப்பில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு சுபஸ்ரீக்கு இரண்டாவது ஷிப்டு. மதியம்தான் கம்பெனி பஸ். காலையிலிருந்து சாப்பிடாமல்கூடப் போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். வயதுப் பெண்ணின் ஒன்றுமில்லையைத் தோண்டக் கூடாது என்று சின்னப்பொண்ணு வயலுக்குக் கிளம்பிவிட்டாள்.

தண்ணீர்த் தொட்டி பாசி பிடித்துக் கிடந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டுத் தொட்டிக்குள் இறங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தாள். பாதி தேய்த்திருப்பாள். தலைக்கு மேலே இருந்த குழாய் கரகரவென்று செருமியது. என்ன என்று நிமிர்வதற்குள் தண்ணீர் மொத்தமும் அவள் தலையில் இறங்கியது.

அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஏறினாள். மோட்டார் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் போன் தொட்டிச் சுவரில், காய்ந்தபடி, சும்மா இருந்தது. அவள் கூப்பிடவில்லை. அப்படியானால் அந்த நம்பர் தெரிந்த இன்னொரு ஆள் கண்ணப்பன்தான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவரை அழைத்தாள்.

"யோவ், மோட்டார நீயா போட்ட?"

"நான் எதுக்கு போடுறேன்? இங்க வரிசயா வண்டி நிக்குது, வை."

அவர் வைத்த அதே நேரத்தில் மோட்டார் நின்றது. சின்னப்பொண்ணு கொட்டகையை எட்டிப் பார்த்தாள். உள்ளே யாருமில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திரும்ப ஓட ஆரம்பித்தது. வேறொருத்தியாக இருந்தால் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடியிருப்பாள். சின்னப்பொண்ணுவுக்குப் பயம் வரவில்லை. என்னவோ புதுசாக நடக்கிறது என்று ஆசைதான் வந்தது. மகளுக்கு அடித்தாள்.

"சுபா, மோட்டாருக்கு இன்னாவோ ஆயிட்ச்சிடி. தானா ஓடுது, தானா நிக்குது."

"யம்மா, நானே டென்ஷன்ல கீறேன்." சுபஸ்ரீயின் குரல் அழுகிற மாதிரி இருந்தது. "கம்பெனிலேர்ந்து ஒரு ஓடிபி வரணும். அது என் பழைய நம்பருக்குப் போவுது. அந்த நம்பர் இப்ப யார்கிட்ட கீதுன்னு அடிச்சுப் பாத்தா எவளோ எடுத்து ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்றா. நானும் அமுக்கிக்கினே கீறேன், ஒண்ணும் ஆவல."

சின்னப்பொண்ணு ஓடுகிற மோட்டாரைப் பார்த்தாள்.

"மொதல்ல ஒண்ண அமுக்குனியா?"

"ஆமா."

"அப்பால ரெண்டு. அப்பால மறுபடி ஒண்ணு."

"ஆமாம்மா. உனக்கு எப்டி தெரியும்?"

"அது எவளோ இல்லடி. நம்ம மோட்டாரு."

மறுமுனையில் சுபஸ்ரீ மெதுவாகக் கேட்டாள், "மோட்டார்ல எந்த சிம்ம போட்ட?"

"ஷோகேஸ்ல கெடந்துச்சே, உன் பழசு. வோணுமான்னு கேட்டேன். காதுல ஒயர மாட்டிக்கினு வோணாம்னு தலயாட்டுன. சொம்மா கெடக்குற சிம்முதானேன்னு போட்டுட்டேன்."

சின்னப்பொண்ணுவைப் பொறுத்தவரை சிம் என்றால் பல்பு மாதிரி. எந்த பல்பை எந்த ஹோல்டரில் போட்டாலும் எரிய வேண்டியதுதானே. அந்த நம்பருக்குப் பின்னால் மகளின் வேலைப் பதிவும், வங்கியும், ஆதாரும் தொங்கிக்கொண்டிருக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. மகளும் லேசுப்பட்டவள் இல்லை. வீட்டுக்குள் சிக்னல் எடுக்கவில்லை என்று புது சிம் வாங்கிப் பழையதைத் தூக்கிப் போட்டவள், வேலையில் சேரும்போது கொடுத்த நம்பரை மாற்ற மறந்துபோனாள். ஷோகேஸிலேயே கிடந்திருந்தால் அந்த சிம் என்றைக்கோ செத்திருக்கும். மோட்டார் பட்டினி கிடக்கக் கூடாது என்று சின்னப்பொண்ணு தமிழ்வாணன் கடையில் தவறாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்ததால் உயிரோடு இருக்கிறது. குட்டையைக் குழப்பியதும் அவள்தான், குட்டை வற்றாமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான்.

சுபஸ்ரீ ஸ்கூட்டியில் பறந்து வந்தாள். யூனிபார்ம் போட்டு, தலை பின்னி, கழுத்தில் ஐடி கார்டு. வரப்பில் ஓடி வரும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"மெயின்டனன்ஸுக்குப் பொண்ணுங்கள எடுக்கறாங்கம்மா. பரீட்ச வச்சாங்க. எழுதுனேன். பாஸாயிட்டேன்."

"எப்போடி?"

"கேளும்மா. இன்டர்வியூக்கு வரேன்னு இன்னிக்கி சாயந்திரத்துக்குள்ள ஓகே குடுக்கணும். ஓடிபி போட்டாத்தான் ஓகே ஆவும். பஸ்ஸு ஏறிட்டா போன கேட்ல லாக்கர்ல வச்சிருவாங்க. வெளிய வரப்போ எல்லாம் முடிஞ்சிருக்கும்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு வாட்டி ஓடிபி கேட்டுட்டேன். இன்னும் ஒரே வாட்டிதான் குடுப்பான். அதுவும் போச்சின்னா லாக் ஆயிடும்."

"அந்த வேலைல இன்னா செய்யணும்?"

"மெஷினு நின்னுபோச்சின்னா தொறந்து பாத்து சரி பண்ணணும்."

இத்தனை நாள் ஸ்க்ரூ போட்டவள் இனி ஸ்க்ரூ கழற்றப் போகிறாள். அதற்குச் சம்பளம் வேறு கொடுக்கப் போகிறார்கள், அடி கொடுக்க மாட்டார்கள். சின்னப்பொண்ணுவுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது.

"இத ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"கெடச்சப்புறம் சொல்லலாம்னுதான். இல்லன்னா நீ ஊரு பூரா தம்பட்டம் அடிச்சிருப்ப."

அது உண்மைதான். சின்னப்பொண்ணு கொட்டகைக்குள் நுழைந்து, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, கையை நன்றாகத் துடைத்து, மெயினைக் கீழே இறக்கி, ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். மோட்டார் அடங்கியது. பெட்டியின் மூடியில் மூலைக்கு ஒன்றாக ஸ்க்ரூ. ஸ்க்ரூ டிரைவர் ஒரகடத்தில், செக்யூரிட்டி கேபினில், பத்திரமாக இருந்தது. அரிவாளை எடுத்து நீட்டினாள்.

"நீ போடு. ஸ்க்ரூ உன் வேலதானே."

சுபஸ்ரீ அரிவாளின் முனையைப் பள்ளத்தில் கொடுத்துத் திருகினாள். திருகத் திருக அது இறுகியது. இன்னும் பலமாகத் திருகினாள், இன்னும் இறுகியது.

"எந்தப் பக்கம் திருப்புற?" என்றாள் சின்னப்பொண்ணு.

சுபஸ்ரீ கையைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் லட்சக்கணக்கில் ஸ்க்ரூ போட்ட கை. ஒன்றைக்கூடக் கழற்றியதில்லை. தானாக வலப்பக்கமே போகிறது. அவசரத்திலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இடப்பக்கம் திருப்பியதும் மேலே இருந்த இரண்டும் கழன்றன. மூடியை வளைத்துப் பிடித்துக்கொள்ள சிம் தெரிந்தது.

தெரிந்ததும் சுபஸ்ரீயின் சிரிப்பு போய்விட்டது. பெட்டிக்குப் பெரிய சிம்தான் சேரும் என்பதால், சின்னப்பொண்ணு அந்தக் குட்டி சிம்மைப் பழைய அட்டையின் சட்டத்தில் வைத்து, மோட்டார் அதிர்வில் ஆடாமல் இருக்கட்டும் என்று சுற்றிலும் பசையைப் பூசி ஒட்டியிருந்தாள். கல்லு மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டினால் சிம்மே உடைந்துவிடும்.

"என் போன்ல இது எறங்காதும்மா."

"என்துல எறங்கும்" என்றாள் சின்னப்பொண்ணு.

அவளுடையது பட்டன் போன். பேட்டரியைக் கழற்றி, தன் சிம்மை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, மகளுடையதைச் சொருகினாள். அட்டை அளவாகப் போய் உட்கார்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டவர். சிக்னல் கோடுகள் முழுசாக எழுந்து நின்றன. ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் கேட்டு சுபஸ்ரீ துள்ளி விழுந்தாள். அது வேறு கம்பெனி பஸ்.

"கேக்கட்டுமா?"

"கேளு."

சுபஸ்ரீ தன் போனில் கடைசி வாய்ப்பை அழுத்தினாள். இரண்டு பேரும் பட்டன் போனைச் சுற்றிக் குனிந்துகொண்டார்கள். ஒன்றும் வரவில்லை. மேல் மூலையில் ஒரு குட்டிக் கடித உறை மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. சுபஸ்ரீயின் போனில் நேரம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

"இன்னாம்மா இது மினுக்குது?"

"அது வருசக்கணக்கா மினுக்கிக்கினுதான் கீது. ஒண்ணும் பண்ணாது."

"வரலியேம்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

சின்னப்பொண்ணு போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இரு. டவரு கீது, சிம்மு கீது. அப்பவும் வரலன்னா எங்கயோ அடச்சிக்கினு கீது."

"இது இன்னா வாய்க்காலா?" சுபஸ்ரீ கத்தப் போனாள். கத்த வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டு போனைப் பிடுங்கினாள். மெசேஜுக்குள் போனாள். தீபாவளி ஆஃபர், பொங்கல் ஆஃபர், காலர் டியூன், ரீசார்ஜ் முடிகிறது, ரீசார்ஜ் முடிந்தது. கீழே போகப் போக முடிவே இல்லை. ஒன்றைக்கூட யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. உள்ளே இன்னொரு மெசேஜ் நுழைய இடமில்லை.

"இதையெல்லாம் ஏம்மா டெலீட் பண்ணல?"

"எனக்கு வந்தத நான் எதுக்குத் தூக்கிப் போடணும்? படிக்கல, அவ்ளோதான்."

"இதாம்மா அடப்பு."

"அப்ப எடு" என்றாள் சின்னப்பொண்ணு. அவளுக்குக் கண் பளபளத்தது. "மொத்தமா எடு."

சுபஸ்ரீ தேடினாள். அவள் கைக்குப் பழகாத பட்டன்கள். எல்லாவற்றையும் அழிக்கவா என்று போன் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். வருடக்கணக்கான ஆஃபர்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன. மேலே உறை மினுக்குவது நின்றது. போன் ஒரு நடுக்கம் நடுங்கி, "டிங்" என்றது.

"வந்துட்ச்சி" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

லாரிகளின் இரைச்சலுக்கு மேலே, சின்னப்பொண்ணு அந்த நம்பரை ஒவ்வொன்றாக ஏலம் போடுகிற மாதிரி உரக்கப் படித்தாள். சுபஸ்ரீ அடித்தாள். கடைசி நம்பரை அடித்தபோது நேரம் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சையாக ஒரு டிக் விழுந்தது.

சுபஸ்ரீ அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சின்னப்பொண்ணு இன்னும் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தாள். யூனிபார்ம் முன்பக்கம் முழுவதும் நனைந்தது, தொட்டிப் பாசியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ரோட்டில் ஹாரன் அடித்தது. இந்த முறை அவளுடைய பஸ்ஸேதான். ஸ்கூட்டியை அப்படியே விட்டுவிட்டு வரப்பில் விழுந்தடித்து ஓடினாள். பஸ் புறப்பட்டுப் போய்க் கண்ணுக்கு மறைகிறவரை சின்னப்பொண்ணு கொட்டகை வாசலிலேயே நின்றாள். மகள் மெஷினைத் திறக்கப் போகிறாள் என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கேட்க ஆளில்லை என்பது அன்றைக்கு அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் பட்டன் போன் அடித்தது. சுபஸ்ரீதான், தன் பழைய நம்பருக்கே அடித்திருந்தாள். பஸ்ஸுக்குள் சினிமாப் பாட்டு சத்தமாக ஓடியது.

"யம்மா, கேட் வரதுக்குள்ள சொல்லிடறேன். இன்டர்வியூல மெஷின பத்திதான் கேப்பாங்களாம். எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. பரீட்சைய மனப்பாடம் பண்ணி எழுதிட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "அந்தப் பொட்டிய மூடாத. போன் அடிச்சா அது எப்டி மோட்டார போடுதுன்னு நாளைக்கி பாக்கணும்."

"எனக்கும் தெரியாதேடி."

"பரவால்ல. ரெண்டு பேருமா பாக்கலாம். நான் வர வரைக்கும் நீ அதுல கை வெக்காத, சரியா?"

"நான் ஏன் கை வெக்கப் போறேன்?" என்றாள் சின்னப்பொண்ணு. "நீ போய் நிம்மதியா வேலயப் பாரு."

போனை மடியில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே பெட்டியின் மூடியும், அவள் கழற்றி முடித்திருந்த மிச்ச இரண்டு ஸ்க்ரூவும் இருந்தன.